பாஸ்டரம்மா எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்காத லெந்து நாட்கள்

நம் சபையில் திருவிருந்துக்கு இப்போது ஆளுக்கொரு சின்னப் பிளாஸ்டிக் கிண்ணம். கொரோனா வந்த வருடம் தொடங்கியது, அப்படியே நிலைத்துவிட்டது. மாத்திரைக்குத் தண்ணீர் குடிக்கிற மாதிரி ஒரு மடக்கு திராட்சரசம், அவ்வளவுதான். என்னோடு பின்வரிசையில் உட்காரும் சகோதரிகளே, நீங்கள் எந்த ஊர்ச் சபையில் பிறந்திருந்தாலும் பழைய பாத்திரம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எல்லாருக்கும் ஒரே பாத்திரம். ஒருவர் குடித்ததும் போதகர் வெள்ளைத் துணியால் அந்த இடத்தைத் துடைத்து, கொஞ்சம் திருப்பி, அடுத்தவர் வாயருகே பிடிப்பார்.

நான் பிறந்த சிங்காநல்லூர்ப் பக்கத்து மில் தொழிலாளர் லைனில் ஒரு சின்னக் கோயில் இருந்தது. ஓட்டுக் கூரை, சாணி மெழுகிய தரை, பாய். அங்கே இருந்த பாத்திரம் வெள்ளி முலாம் பூசியது. வாய் வைக்கிற விளிம்பில் முலாம் போய் உள்ளே இருந்த பித்தளை மஞ்சளாகத் தெரியும். மீதி இடமெல்லாம் வெள்ளை, விளிம்பு மட்டும் மஞ்சள். அந்தப் பாத்திரம் இப்போது எங்கே இருக்கிறதோ. அந்த மில்லும் இல்லை, லைன் வீடுகளும் இல்லை.

என் அம்மா சபைக்கு வந்ததே அந்தப் பாத்திரத்தைப் பார்த்துத்தான். அம்மா அன்னூர்ப் பக்கத்தில் தோட்ட வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவள். ஊர் டீக்கடையில் எங்கள் ஆட்களுக்கென்று தேங்காய்ச் சிரட்டை கூரையில் செருகியிருக்கும். குடித்துவிட்டு நாமே கழுவி நாமே செருகிவிட்டு வர வேண்டும். மில்லில் நூல் சுற்றுகிற ரீலிங் வேலைக்கு வந்த பிறகு யாரோ அவளைக் கோயிலுக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். பிரசங்கம் ஒன்றும் அவளுக்கு விளங்கவில்லையாம்.

"மூப்பர் குடிச்ச அதே கிண்ணத்துல மில்லுல கூட்டற பொம்பளையும் குடிச்சா கண்ணு. ஐயா தொடச்சு அடுத்த ஆளுக்குக் குடுத்தாரு. நான் அப்படியே பாத்துக்கிட்டே நின்னேன். அப்பறம் உங்கப்பங்கிட்டச் சொல்லிப்போட்டேன், நான் இங்கதான் வருவேன்னு."

எண்ணெய் தேய்க்கும்போதெல்லாம் இதைச் சொல்லுவாள். அதனால் எங்கள் வீட்டில் வேதம் வாசிக்கத் தெரிவதற்கு முன்பே அந்தப் பாத்திரத்தைப் பற்றி எங்களுக்குத் தெரியும்.

நான் நாலாம் வகுப்புப் படித்தபோது தெற்கத்திச் சீமையிலிருந்து புதுப் போதகர் வந்தார். கறுத்த, குட்டையான மனிதர். சைக்கிளில் வருவார். எந்த வீட்டில் யாருக்கு எந்த ஷிப்ட் என்று அவருக்குத் தெரியும். அப்பா பஞ்சு அடிக்கிற புளோ ரூமில் இராத்திரி வேலை பார்த்துவிட்டு வந்து பகலில் தூங்குவார், மூக்கோரம் பஞ்சு ஒட்டியிருக்கும். போதகர் அவரை எழுப்பவிடமாட்டார். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, உதடு மட்டும் அசைய ஜெபித்துவிட்டு, "தாயி, ஒரு வாய் தண்ணி தாங்க" என்று கேட்டு வாங்கிக் குடிப்பார். எல்லா வீட்டிலும் குடிப்பார். கேட்டு வாங்கிக் குடிப்பார். டம்ளரைத் தூக்கி ஊற்றிக்கொள்ளாமல் வாய் வைத்துக் குடிப்பார். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

அவருடைய சம்சாரம் வேறு மாதிரி. நாங்கள் பாஸ்டரம்மா என்போம். நெட்டையாக, ஒல்லியாக, சிவப்பாக இருப்பார். வெள்ளைச் சேலை, கையில் மடித்த கைக்குட்டை. அவர் வந்தால் நீலகிரித் தைல வாசம் முன்னால் வரும். ஞாயிறு பள்ளியைக் கோயிலுக்குள் நடத்தமாட்டார், வெளியே புங்க மரத்தடியில்தான். காற்று எங்கள் பக்கமிருந்து அவர் பக்கம் போகிற மாதிரி பார்த்துத் தள்ளி உட்கார்வார். எங்கள் தலையைத் தொடமாட்டார். ஒரு குழந்தையையும் தூக்கமாட்டார். யார் வீட்டிலும் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டார்.

"இருக்கட்டும் தாயி. இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்." எந்த வீட்டுக்குப் போனாலும் இதே வார்த்தைதான்.

நம்மில் சிலருக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்த ஒருவர் தண்ணீர் வேண்டாம் என்றால், மற்றவர்களுக்கு அது தாகம் இல்லை என்று அர்த்தம். எங்களுக்கு அதன் அர்த்தம் வேறு.

குழாயடியில் பேச்சு தொடங்கியது. சபையை நடத்துகிற மூப்பருடைய சம்சாரம்தான் எடுத்துவிட்டாள்.

"நேத்து எங்கூட்டுக்கு வந்துச்சு. பலகாரம் வெச்சேன், காப்பி வெச்சேன். மோந்துகூடப் பாக்கல."

"தெக்க என்ன சாதியோ என்னமோ அக்கா."

"ஐயா சர்ச்சுல நாமெல்லாம் ஒரே குடும்பம்னு தொண்டை கிழியக் கத்தறாரு. ஊட்டுல பொண்டாட்டிக்குக் காது கேக்காது போல."

எல்லாரும் சிரித்தார்கள். குடத்தைச் சரித்துப் பிடித்திருந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"ஒடம்பு பாத்தா சீக்காளி மாதிரித்தான் இருக்குது. பாவம், விடுங்க."

"உனக்கு எல்லாரும் பாவந்தான்! பொறக்கும்போதே பாவம் பாவம்னுதான் பொறந்திருப்ப. உன்ற ஊட்டுக்கும் முறை வருதல்ல, அப்பப் பாத்துக்க."

முறை என்றால் லெந்து நாட்களின், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாட்களின், வீட்டு ஜெபம். அந்த நாட்களில் ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு வீட்டில் கூடுவோம். பாட்டு, ஜெபம், கடைசியில் அந்த வீட்டுக்காரர் காப்பி கொடுப்பார். எங்கள் வீட்டு முறைக்கு முன்னால் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவன் லைனுக்கு வந்தான். அம்மா நல்ல நிலையில் இருந்த சுங்குடிச் சேலை ஒன்றைக் கொடுத்து ஒரே ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கினாள். எங்கள் வீட்டில் அதற்கு முன் எவர்சில்வர் கிடையாது. அடியில் ஒரு சின்ன மலர் வெட்டியிருக்கும், கண்ணாடி மாதிரி முகம் தெரியும். நான் தொடப்போனால் கையில் ஒன்று போட்டாள்.

"தொடாத கண்ணு. இதுல யாரும் வாய் வெக்கக் கூடாது. பாஸ்டரம்மாதான் மொதல்ல குடிக்கோணும்."

சிரட்டையை விட்டு ஓடிவந்தவள், இன்னொருத்தி நம்மை அருவருக்காமல் குடிக்க வேண்டும் என்று, நாம் தொடாத பாத்திரத்தைத் தேடி வாங்கி வைத்திருக்கிறாள். அப்போது எனக்கு அது தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பாஸ்டரம்மா அதில் குடித்தால் அம்மா சந்தோஷமாக இருப்பாள். அதுவரை பள்ளியில் சொல்லிக்கொடுத்த ஜெபத்தைத்தான் கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வாரந்தான் முதல்முறையாகச் சொந்த வாயால் ஒன்று கேட்டேன். பாயில் படுத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் போகிற வழியில், குழாயடியில், எங்கேயும் அதையே கேட்டேன். ஆண்டவரே, பாஸ்டரம்மா எங்க ஊட்டுல குடிக்கோணும். என் விசுவாசம் என்று இன்றைக்கு ஏதாவது இருக்கிறது என்றால் அது அங்கே தொடங்கியது.

எங்கள் முறை வந்தது. வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டாள் அம்மா. பங்குனி வெயில் ஓட்டின் மேல் இன்னும் காய்ந்துகொண்டிருந்தது. பாஸ்டரம்மா கதவோரமாக, காற்றுப் படுகிற இடத்தில் உட்கார்ந்தார். ஜெபம் முடிந்து அம்மா எல்லாருக்கும் பித்தளை டம்ளரில் காப்பி கொடுத்துவிட்டு, எவர்சில்வரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அவர் முன்னால் குனிந்தாள்.

"அம்மா, புதுசுங்க. யாரும் வாய் வெக்கலீங்க."

பாஸ்டரம்மா டம்ளரை வாங்கிவிட்டார். இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு சூட்டை மட்டும் கொஞ்ச நேரம் வாங்கினார். அம்மாவைப் பார்த்தார். பிறகு மெல்லச் சுவரோரம் வைத்துவிட்டார்.

"வாசமே நல்லா இருக்கு தாயி. இருக்கட்டும்."

மூப்பர் சம்சாரம் என் அம்மாவைப் பார்த்துப் புருவத்தை ஏற்றினாள். எல்லாரும் போன பிறகு அம்மா அந்தக் காப்பியைச் சாக்கடையில் ஊற்றினாள். காப்பித்தூளும் வெல்லமும் கடன் வாங்கியவை. எங்களுக்காவது கொடுத்திருக்கலாம். ஊற்றிவிட்டு, டம்ளரை அலசாமலே பரணில் வீசினாள்.

"யாரும் வாய் வெக்கலீங்கன்னு நானே சொன்னேன் பாரு. என்ற வாயாலயே சொன்னேன்" என்றாள் அப்பாவிடம்.

"சரி, விடு புள்ள" என்றார் அப்பா.

"விடறதுக்கு இல்லீங்க. அந்தம்மா ஒக்காந்திருக்கற எடத்துல இனி நான் பாத்திரத்துக்குப் போகமாட்டேன்."

அடுத்த நாள் குழாயடியில் இதையே சொன்னாள். அவள் வாயைத் திறந்து ஒன்று சொன்னால் பெண்கள் கேட்பார்கள், ஏனென்றால் அவள் அதிகம் பேசமாட்டாள். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று, பாஸ்டரம்மா உள்ளே இருக்கும்வரை பெண்கள் யாரும் பாத்திரத்துக்கு எழுந்திருக்கக் கூடாது என்று முடிவாயிற்று.

பெரிய வியாழன் சாயங்கால ஆராதனை. சின்னப் பிள்ளைகளாகிய நாங்கள் வாசலை ஒட்டி உட்கார்ந்திருந்தோம். முதலில் ஆண்கள் போய் முழங்கால் போட்டு வாங்கி வந்தார்கள். பிறகு போதகர் பெண்கள் பக்கம் திரும்பினார். யாரும் எழவில்லை. அந்தப் பாத்திரத்துக்காகவே சபைக்கு வந்த என் அம்மா முதல் பாயில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். போதகர் இன்னொரு முறை அழைத்தார். சேலை சரசரப்புக்கூட இல்லை. ஒரு கைக்குழந்தை மட்டும் சிணுங்கியது.

பாஸ்டரம்மா வழக்கமாக எல்லாருக்கும் பின்னால்தான் பாத்திரத்துக்குப் போவார். அன்றைக்கு அவர் பெண்களை ஒரு சுற்றுப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. எழுந்தார், பீடத்துக்குப் போகவில்லை. எங்களைத் தாண்டி வெளியே போய்ப் புங்க மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். அவர் போன பிறகு மூப்பர் சம்சாரம் எழுந்தாள். பின்னாலேயே எல்லாரும் போனார்கள். அம்மாவும் போனாள், குடித்தாள்.

எல்லாரும் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகு போதகர் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நின்றார். பிறகு பீடத்தை விட்டு இறங்கி, பாய்களுக்கு நடுவே நடந்து, எங்களைத் தாண்டி மரத்தடிக்குப் போனார். பாஸ்டரம்மா தலையை ஆட்டி வேண்டாம் என்றார். போதகர் இன்னும் கொஞ்சம் குனிந்தார். இவர் கைக்குட்டையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு மறுபடியும் தலையை ஆட்டினார். போதகர் உள்ளே வந்து, மீதியைத் தானே குடித்துவிட்டு, ஆசீர்வாதம் சொன்னார். குரல் கொஞ்சம்கூட மாறவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது நான் அம்மாவிடம் சொன்னேன். "அம்மா, பாஸ்டரம்மா சேலையில திராட்சரசம் கொட்டிப்போச்சு. முந்தானையெல்லாம் செகப்பு."

அம்மா நடந்துகொண்டே, "கொட்டட்டும்" என்றாள். நாலு எட்டு போனதும் நின்றுவிட்டாள். "அந்தம்மா குடிக்கவே இல்லியே கண்ணு."

என் கையை விட்டுவிட்டு வந்த வழியே ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். போதகர் வீடு பூட்டியிருந்தது. பஞ்சு ஏற்றி வந்த லாரியில் பாஸ்டரம்மாவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனதாக மில் காவல்காரர் சொன்னார்.

பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனையை மூப்பரே நடத்தினார். சனிக்கிழமை மத்தியானம் போதகர் எங்கள் லைனுக்கு வந்தார். ஈஸ்டர் ஆராதனை இருக்கிறதே, அதற்காகத் திரும்பி வந்திருக்கிறார். முகம் மழிக்கவில்லை. எங்கள் வாசலில் நின்றார். அம்மா நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தாயி, ஒரு வாய் தண்ணி தாங்க" என்றார்.

அம்மா கொடுத்தாள். முழுவதும் குடித்தார்.

"அவளுக்கு நெஞ்சுல காசம். இங்க வர்றதுக்கு முந்தியே இருந்துது. ஆறிப்போச்சுன்னு நெனச்சோம். இருந்தாலும் பிறத்தியாருக்கு ஒட்டிரும்னு பயந்து அவ யாரு பாத்திரத்துலயும் வாய் வைக்கமாட்டா."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே ஐயா."

"நானும் அதத்தான் சொன்னேன். அவ விடல. 'காசக்காரி வாய் வச்ச பாத்திரம்னு தெரிஞ்சா இந்தப் பொம்பளைங்க அதுக்குக் கிட்ட வரப் பயப்படுவாங்க. அந்தப் பாத்திரம் அவங்களுக்கு எப்படின்னு தெரியும்லா. என்னால அது நிக்கக் கூடாது'ன்னா. கடைசியிலதான் வாங்குவா. அவளுக்குப் பொறவு நான் ஒருத்தன்தான்."

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். போதகர் அவளைத் திட்டவில்லை. அப்பா தூங்குவதைப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்து, உதடு அசைய ஜெபித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கேயும் தண்ணீர் கேட்கிற சத்தம் எங்களுக்குக் கேட்டது.

ஈஸ்டர் முடிந்து வார லீவு கிடைத்ததும் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு கிழக்கே போகிற பஸ் ஏறினாள். கூஜாவில் தண்ணீர், மடியில் அந்த எவர்சில்வர் டம்ளர். காசநோய் ஆஸ்பத்திரி வேலங்காட்டுக்கு நடுவில் இருந்தது. உள்ளே விடமாட்டார்கள். நோயாளிகள் வராந்தாவுக்கு வருவார்கள், நாம் படிக்குக் கீழே நிற்க வேண்டும். பாஸ்டரம்மா தூணைப் பிடித்துக்கொண்டு வந்து படியில் உட்கார்ந்தார். கழுத்தெலும்பு குழி விழுந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் சிரித்தார்.

"யாரு, காப்பி வாசத்துக்காரியளா!"

அம்மா டம்ளரில் தண்ணீர் ஊற்றி நீட்டினாள்.

"வேண்டாம் தாயி. இதுல நான் வாய் வச்சேன்னா நீங்க தூரப் போடமாட்டிய. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைக்குக் குடுப்பிய."

"போட்டுடறனுங்கம்மா. ஆணையா போட்டுடறனுங்க."

"போடமாட்டிய" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று. முகத்தை அந்தப் பக்கம் திருப்பி இருமி முடித்துவிட்டு, முன்னால் குனிந்து, இரண்டு கையையும் சேர்த்துக் குழித்து வாயருகே வைத்தார். "இதுல ஊத்துங்க."

அம்மா இரண்டு எட்டுப் பின்னால் போனாள். சின்ன வயதில் தோட்டத்துக் கிணற்றடியில் அவள் அப்படித்தான் குடித்திருக்கிறாள். மேலே நின்று தோட்டத்துச் சொந்தக்காரர்கள் ஊற்ற, கீழே குனிந்து இவள் கையில் ஏந்த. இதை அன்றைக்குத்தான் நான் தெரிந்துகொண்டேன், அவள் கதறியதில்.

"அப்படி மட்டும் வேண்டாமுங்க! நாங்க அப்படிக் குடிச்சவங்க. நான் யாருக்கும் அப்படி ஊத்தமாட்டனுங்கம்மா. உங்களுக்கா ஊத்துவேன்!"

பாஸ்டரம்மா குழித்த கையை இறக்கவில்லை. அவருக்கு அது என்னவென்று தெரியுமா தெரியாதா, எனக்கு இன்றுவரை தெரியாது.

"தாகமா இருக்கு தாயி" என்றார்.

அம்மா ஊற்றினாள். படியில் ஏறினால் வேலையாள் அதட்டுவான் என்று கீழேயே நின்று கையை உயர்த்தி ஊற்றினாள். அவர் குடித்தார். விரலிடுக்கில் வழிந்து வெள்ளைச் சேலை நனைந்தது. கூஜா தீரும்வரை ஊற்றினாள், அவரும் போதும் என்று சொல்லவில்லை. அழுதுகொண்டே ஊற்றியதால் பாதித் தண்ணீர் படியில் போயிற்று.

ஐப்பசி மழைக்கு முன்னாலேயே பாஸ்டரம்மா இறந்துபோனார். ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் போதகர் திரும்பிவிட்டார். பீடத்தில் நின்று நோயாளிகளின் பெயர்களைச் சொல்லி ஜெபித்தார். எந்த வாரமும் சொல்லுகிற அதே குரலில் சொன்னார். நடுவில் ஒரு இடத்தில் நின்றுவிட்டு, பெயர் ஒன்றும் சொல்லாமல், அடுத்த பெயருக்குப் போனார். சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு லைனுக்கு வந்தார். பல வருடம் எங்களோடு இருந்தார். வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாற்றலாகிப் போனபோது மூப்பர் சம்சாரம் பஸ்ஸுக்கு முன்னால் படுத்துவிடுவேன் என்றாள்.

பாஸ்டரம்மா பாத்திரத்துக்கு வராத முதல் நாள் அந்தப் பெரிய வியாழன். எங்கள் கோயிலில் அவர் அதன்பின் ஒருமுறைகூட அதில் குடிக்கவில்லை. அம்மா அதை வாய்விட்டு ஒரு நாளும் பேசியதில்லை. ஆனால் திருவிருந்தன்று எல்லாரும் போய் வரும்வரை உட்கார்ந்திருந்து கடைசியில்தான் எழுவாள். கண் தெரியாமல் போன பிறகும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் வாங்கியாச்சா கண்ணு?" என்று கேட்டுவிட்டுத்தான் நடப்பாள்.

இவ்வளவும் எழுதியது ஒன்றைச் சொல்வதற்காக. என் சின்ன மருமகள் நர்ஸ். போன லெந்து நாட்களில் ஒரு சாயங்காலம் அவள் மாவாட்டிக்கொண்டிருக்கும்போது, காசநோய்க்காரர் குடித்த டம்ளரை எப்படிக் கழுவ வேண்டும் என்று பேச்சுவாக்கில் கேட்டேன்.

"எப்பவும் போலக் கழுவுனாப் போதுமுங்க அத்தை. அது டம்ளர்ல ஒட்டற நோயில்லீங்க. இருமும்போது காத்துல வர்றது."

"அந்தக் காலத்துலயும் அப்படித்தானா கண்ணு?"

"நோய் ஒண்ணுதானுங்களே அத்தை. அப்பவும் அப்படித்தான். டம்ளர்ல தாராளமாக் குடிச்சிருக்கலாம்."

அவள் கிரைண்டரை நிறுத்தி மாவை வழிக்க ஆரம்பித்தாள். நான் எழுந்து என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அம்மா செத்து இத்தனை வருடம் ஆகிறது. இதைக் கேட்க அவள் உயிரோடு இல்லாததற்காக அன்றைக்குத்தான் முதல்முறையாக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன்.